ஆர்க்கிடெக்டுகள் எதற்காக வாதம் செய்கிறார்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நாகர்கோவிலில் ஆர்க்கிடெக்டாக வேலை செய்கிறேன். பெரிய ஆர்க்கிடெக்டுகள் தங்கள் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் எண்ணங்களைப் பற்றி எப்படி மோதிக்கொள்கிறார்கள், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வாஸ்து கேள்விகளை இந்த முறை எடுக்கவில்லை, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

மார்த்தாண்டம், பி.ஆர்க் மாணவி: அக்கா, தியரி வகுப்பு முழுக்க ஒரே கொள்கை, வாதம், எதிர்வாதம். கட்டுகிறவர் கட்டிவிட்டுப் போகட்டுமே, இதெல்லாம் எதற்கு என்று தோன்றுகிறது. ஒரே ஒரு விவாதத்தைப் படி என்றால் எதைச் சொல்வீர்கள்?

1982-ல் ஹார்வர்டில் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர், பீட்டர் ஐசன்மன் என்ற ரெண்டு ஆர்க்கிடெக்டுகள் மேடையில் நேருக்கு நேர் பேசியதைப் படி. அப்படியே எழுத்தில் கிடைக்கிறது. அலெக்சாண்டர் கணிதம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். ஒரு இடத்தில் நிற்கும்போது மனசுக்குள் என்ன உணர்வு வருகிறதோ அதுதான் கட்டடத்துக்கு அடிப்படை என்பது அவர் கட்சி. ஐசன்மன் நேர் எதிர்: இந்தக் காலத்து மனிதன் நிம்மதியாக இல்லை, அவன் இருக்கும் கட்டடம் மட்டும் எப்படி நிம்மதியைக் காட்டலாம் என்பார்.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் மேகத்தில்தான் பேசுகிறார்கள். அப்புறம் ஒரு தூண் வருகிறது பார், அங்கே சூடு பிடிக்கிறது. ஸ்பெயினில் லோக்ரோன்யோ என்ற ஊரின் நகராட்சிக் கட்டடம், ரஃபேல் மொனேயோ கட்டியது. அதன் தூண் வரிசையில் தூண்கள் இருக்க வேண்டியதைவிட மெலிசு, வேண்டுமென்றே. அந்த மெலிவில் இன்றைய மனிதனின் பலவீனமும் தனிமையும் தெரிகிறது, அதுதான் அதன் அழகு என்கிறார் ஐசன்மன். அலெக்சாண்டருக்குப் பொறுக்கவில்லை. எனக்கு இது புரியவே இல்லை, பொறுப்பில்லாத வேலை, அந்த மனிதரை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது, அதைவிடக் கோபம் வருகிறது, உலகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அச்சில் போட முடியாத ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். கூட்டம் கைதட்டியது. உடனே ஐசன்மன், நீங்கள் இப்படி நிம்மதியாகக் கைதட்டுவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது என்றார்.

நான் இதை முதலில் சொல்லக் காரணம், ரெண்டு பேரும் ஒரே தூணைப் பார்த்துச் சண்டை போட்டார்கள். கட்டடக்கலை வாதம் ஏதாவது ஒரு தூணிலோ சுவரிலோ ஜன்னலிலோ வந்து இறங்காதவரை அதில் சரி தப்பு சொல்லவே முடியாது. உன் வகுப்பில் அடுத்த முறை யாராவது கொள்கை பேசினால், எந்தக் கட்டடத்தில் எந்த இடம் என்று கேட்டுப் பார். பதில் இருந்தால் உட்கார்ந்து கேள்.

அதே மாணவி: சரி அக்கா, நீங்கள் யார் பக்கம்?

தூண் விஷயத்தில் அலெக்சாண்டர் பக்கம். நகராட்சிக்கு வருகிறவர் வரி கட்டவோ, பிறப்புச் சான்றிதழ் வாங்கவோ வருகிறார். அவருக்கு ஏற்கெனவே படபடப்பு இருக்கும், தூணும் சேர்ந்து படபடப்பைக் கொடுக்க வேண்டாம். அதே மேடையில் ஐசன்மன் இன்னொன்றும் சொன்னார்: பிரான்சில் ஷார்த்ர் பேராலயத்துக்கு எதிரே உள்ள உணவகத்துக்குப் பலமுறை போயிருக்கிறாராம், ஆலயத்துக்குள் போனதே இல்லையாம், கோதிக் என்ற அந்தப் பழைய ஐரோப்பிய பாணியில் ஒரு ஆலயத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதானாம். சுசீந்திரத்துக்குப் போய்த் தெப்பக்குளக் கரையில் காபி குடித்துவிட்டுத் திரும்பி வருகிறவரோடு கோயிலைப் பற்றி என்னால் பேச முடியாது.

ஆனால் கைதட்டலைப் பற்றி அவர் சொன்னதை நான் தள்ளவில்லை. மனசுக்கு இதமாக இருக்கிறது என்பதாலேயே ஒரு கட்டடம் நல்லதாகிவிடாது. ரிசார்ட்டுகள் எல்லாமே இதமாகத்தான் இருக்கின்றன.

துபாயிலிருந்து, சொந்த ஊர் குழித்துறை: வீடு கட்டப்போகிறேன். நல்ல பாக்ஸ் டைப் எலிவேஷன், வெள்ளை அடித்து, சன்ஷேட் இல்லாமல், 3டி படம் எல்லாம் ரெடி. அப்பா ஓடு போடு என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இதற்கும் உங்கள் கொள்கை விவாதத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக உண்டு. உங்கள் 3டி படத்துக்கு நூறு வருஷ வரலாறு இருக்கிறது. அலங்காரம் வேண்டாம் என்று வியன்னாவில் அடால்ஃப் லோஸ் ஆரம்பித்தார், வீடு என்பது வாழ்வதற்கான இயந்திரம் என்று லெ கொர்பூசியே எழுதினார். பாரிஸ் பக்கத்தில் புவாஸியில் 1931-ல் அவர் முடித்த வெள்ளைப் பெட்டி வீடு, வில்லா சவ்வா, இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாடத்தில் இருக்கிறது. அந்த வீட்டு அம்மா அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்: கூடத்தில் மழை, சாய்தளத்தில் மழை, கார் ஷெட் சுவர் ஊறிப்போய் நிற்கிறது என்று. பாரிஸில் பெய்வது நம்ம ஊர் மழையே இல்லை.

அதே கொர்பூசியே இந்தியாவுக்கு வந்து வெயிலைப் பார்த்ததும் மாறினார் என்பதைப் பலர் சொல்வதில்லை. அகமதாபாத்தில் ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடம், 1954. மேற்கு முகத்தில் கான்கிரீட் பலகைகளை ஆழமாக, சாய்த்து வைத்திருக்கிறார், வெயில் நேராக உள்ளே விழாது, காற்று வரும். கொள்கை பேசியவரே தன் சுவரை மாற்றினார். அவரைப் பார்த்து பெட்டி கட்டுகிறவர்கள் 1931-லேயே நின்றுவிட்டார்கள்.

அடுத்து சார்லஸ் கொரியா. உருவத்தைத் தீர்மானிப்பது தட்பவெப்பம்தான் என்று வாதாடியவர். மும்பையில் 1983-ல் முடிந்த அவருடைய கஞ்சன்ஜங்கா அடுக்குமாடியைப் பாருங்கள். அங்கே கடல் காற்றும் மேற்கு, கடல் பார்வையும் மேற்கு, கொளுத்தும் சாயங்கால வெயிலும் மேற்கு, பருவமழையும் மேற்கு. பழைய பங்களாக்களில் சுற்றிலும் வராந்தா விட்டுச் சமாளித்தார்கள். அதையே அவர் 84 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினார், மூலைக்கு மூலை இரண்டு மாடி உயரத்துக்கு ஆழமான திறந்த வராந்தா. மழை அங்கேயே நின்றுவிடும், அறைக்குள் வராது.

குழித்துறையில் உங்களுக்கும் இதே கணக்குதான், கூடுதலாக ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழையும் உண்டு, ரெண்டு பருவமும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் நம்முடையது. மொட்டைமாடி வீடு கட்டி நாலைந்து வருஷத்தில் மேலே இரும்பு டிரஸ் அடித்து ஷீட் போட்டவர்கள் உங்கள் தெருவிலேயே எத்தனை பேர் என்று ஊருக்கு வரும்போது எண்ணிப் பாருங்கள். அந்தப் பணத்தை முதலிலேயே ஓட்டுச் சரிவில் போட்டிருக்கலாம். பெட்டி வடிவம் பிடித்திருந்தால் கட்டுங்கள், தடுக்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் ரெண்டு அடி சன்ஷேட், மேற்கே வராந்தா, இந்த ரெண்டையும் படத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அப்பா சொல்வதும் ஒரு கொள்கைதான். அவர் மழையைப் பார்த்து வந்தவர்.

நாகர்கோவில், கடைக்காரர்: கடை முன்பக்கம் முழுக்க ஏசிபி என்கிற அலுமினிய ஷீட் அடித்திருக்கிறேன். ஆர்க்கிடெக்ட் நண்பர் பார்த்துவிட்டு முகம் சுளிக்கிறார். தப்பா?

உங்களுக்கு அமெரிக்க ஆர்க்கிடெக்டுகள் ராபர்ட் வெஞ்சுரியும் டெனிஸ் ஸ்காட் பிரௌனும் துணைக்கு வருவார்கள். கட்டடங்கள் ரெண்டு வகை என்றார்கள். ஒன்று வாத்து: நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் வாத்து விற்கிற கடையையே வாத்து வடிவத்தில் 1931-ல் கட்டினார்கள், அதை வைத்துச் சொன்ன பெயர். இன்னொன்று, சாதாரணக் கொட்டகை, முகப்பில் மட்டும் அலங்காரம். நவீன ஆர்க்கிடெக்டுகள் அலங்காரம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மொத்தக் கட்டடத்தையும் வாத்தாக்குகிறார்கள், கொட்டகையும் பலகையும் அதைவிட நேர்மையானது என்பது அவர்கள் வாதம். நான் ஒத்துக்கொள்கிறேன். ஷீட் அடித்ததில் தப்பில்லை. அதற்குப் பின்னால் ஜன்னலை மூடிவிட்டு நாள் முழுக்க ஏசி ஓட்டினால் அது தப்பு.

கன்னியாகுமரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: இங்கே கடற்கரையில் காந்தி மண்டபம் இருக்கிறதே, அதை உங்கள் துறையினர் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. கட்டடக்கலையாக அது எப்படி?

ஐயா, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். 1956-ல் திறந்தது. ஒடிசா கோயில் பாணியில் எழும்பி நிற்கிறது, மைய உயரம் 79 அடி, அது காந்தியின் வயதைக் குறிப்பது என்பார்கள். அக்டோபர் 2 நண்பகலில் கூரையில் உள்ள துளை வழியாக வெயில் சரியாக அஸ்தி வைத்திருந்த இடத்தில் விழும். அதற்கென்று அன்றைக்கு ஜனங்கள் வந்து காத்திருப்பதை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள்.

இதன் பக்கத்தில் சபர்மதி ஆசிரமத்தில் கொரியா கட்டிய காந்தி நினைவு அருங்காட்சியகத்தை வையுங்கள். 1963, அவர் இளைஞராக இருந்தபோது கட்டியது. உயரமே இல்லை. ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் சதுரங்கள், செங்கல் தூண், மேலே ஓட்டுக் கூரை, கல் தரை, ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மரச் சட்டப் பலகைகள்தான். சில சதுரங்கள் அறை, சில திறந்த முற்றம், நடுவில் நீர். பின்னால் வருகிறவர்கள் தேவைப்பட்டால் இன்னும் சதுரங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். காந்தி குடியிருந்த குடிலின் அளவைவிட்டு எந்த இடத்திலும் தாண்டக்கூடாது என்று பிடிவாதம் பிடித்த மாதிரி இருக்கும்.

ஒரே மனிதருக்கு ஏழு வருஷ இடைவெளியில் ரெண்டு நினைவிடம். ஒன்று அவரைக் கோயிலுக்குள் வைக்கிறது, இன்னொன்று அவர் வீட்டுப் பக்கத்தில் நம்மை உட்கார வைக்கிறது. என் மனசு சபர்மதி பக்கம்தான், ஓடும் செங்கலுமாக அவர் சொன்ன வாழ்க்கையை அது கடைப்பிடிக்கிறது. ஆனால் நம் மண்டபத்தில் அந்த ஒற்றை வெயில் துளையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விளக்கம் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். வெளியே உள்ள கோபுர வேலை அத்தனையையும் எடுத்துவிட்டு அந்தத் துளையை மட்டும் வைத்திருந்தாலும் போதுமானதாக இருந்திருக்கும் என்பது என் கருத்து, நீங்கள் மறுக்கலாம்.

அகஸ்தீஸ்வரம்: அப்படியானால் வள்ளுவர் சிலை? கண்ணாடிப் பாலம்?

கணபதி ஸ்தபதி வடிவமைத்த சிலை, 2000 ஜனவரி 1 திறப்பு. பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்கள். அதன்மேல் சிலை 95 அடி, பொருளும் இன்பமும். அறத்தின்மேல் மற்ற ரெண்டும் நிற்கின்றன என்பது கருத்து. யாராவது சொன்னால்தான் இந்தக் கணக்கு தெரியும். சொல்லாமலே தெரிவது அந்த இடுப்பு வளைவு. படகிலிருந்து பார்க்கும்போது ஏழாயிரம் டன் கல் என்ற நினைப்பே வராது, ஒரு ஆள் சற்றே சாய்ந்து நிற்கிற மாதிரிதான் தெரியும். உள்ளே கூடு விட்டுக் கட்டியது, 2004 சுனாமியையும் தாங்கியது. மரபில் கருத்து அளவிலும் இருக்கிறது, நிலையிலும் இருக்கிறது. நிலை சரியாக வந்ததால்தான் அளவுக்கும் மரியாதை.

பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறந்தது, 77 மீட்டர். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைப் பாறைக்கும் நடுவே நடந்து போக முடிகிறது, அது பெரிய உதவி. அந்த வளைவு இரும்பு இன்னும் தாழ்வாக இருந்திருக்கலாம், கரையிலிருந்து பார்க்கும்போது நடுவில் புகுந்து கண்ணை இழுக்கிறது.

குளச்சல் பக்கம், மீனவர் குடும்பம்: சுனாமிக்குப் பிறகு எங்களுக்கெல்லாம் ஒரே அச்சில் வரிசை வீடு கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் ஜனங்கள் முன்னால் ஷெட் இறக்கினார்கள், பின்னால் அடுப்படி இழுத்தார்கள். வந்து பார்க்கிறவர்கள் பிளானையே கெடுத்துவிட்டீர்கள் என்கிறார்கள். உங்கள் பெரிய ஆட்கள் இதைப் பற்றி ஏதாவது பேசியிருக்கிறார்களா?

பேசியிருக்கிறார்கள், உங்கள் ஜனங்கள் செய்ததுதான் சரி என்றே சொல்லியிருக்கிறார்கள்.

இந்தூரில் பி.வி. தோஷி செய்த அரண்யா குடியிருப்பு, 1980-களில் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துக்கு முழு வீட்டைக் கொடுக்கவில்லை. மனை, அடித்தளம், கக்கூஸ், குழாய், ஒரு சமையல் மூலை. மீதியை வருமானம் வரவர அவர்களே கட்டிக்கொள்ளலாம். எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட மாதிரிக்கு 80 வீடுகள் மட்டும் கட்டினார். திண்ணை, வெளிப்படி, மாடிப்படி எல்லாம் தெருப் பக்கம், ஏனென்றால் பாதி வாழ்க்கை தெருவில்தான். தோஷிக்கு 2018-ல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது, இந்தத் துறையின் ஆகப் பெரிய விருது.

சிலி நாட்டில் இக்கிகே என்ற ஊரில் அலெஹாண்ட்ரோ அரவேனா இதையே வேறு மாதிரி செய்தார். 93 குடும்பம், குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம், நிலத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதில் முழு வீடு வராது. சின்ன வீடாகக் கட்டுவதற்குப் பதில் நல்ல வீட்டில் பாதியைக் கட்டினார்: தூண், படி, குளியலறை, அடுப்படி, பக்கத்து வீட்டோடு ஒட்டும் சுவர். நடுவில் காலி இடம் விட்டார், ஜனங்கள் நிரப்பிக்கொண்டார்கள். 2016-ல் இவருக்கு பிரிட்ஸ்கர் கொடுத்தபோது வளைவான கட்டடங்களுக்குப் பேர்போன ஜாஹா ஹதீத் அலுவலகத்தைச் சேர்ந்த பாட்ரிக் ஷூமாகர் வெளிப்படையாகவே எதிர்த்தார். சேவைக்கு விருது கொடுக்க ஆரம்பித்தால் கட்டடக்கலையில் புதுமை செய்கிறவர்களின் கதி என்ன என்பது அவர் கேள்வி.

கேள்வி கேட்டதில் தப்பில்லை. ஆனால் எந்தப் பாதியை ஆர்க்கிடெக்ட் கட்ட வேண்டும், எந்தப் பாதியைக் குடும்பம் கட்ட முடியும் என்று பிரித்ததே புதுமைதான். குடும்பத்தால் தனியாகச் செய்ய முடியாத கஷ்டமான பாதியை முதலில் முடித்துக்கொடுத்தார். வளைவு வளைவாகக் கட்டுவதைவிட அது கடினமான டிசைன்.

உங்கள் வீடுகளில் வலை உலர்த்த, பழுது பார்க்க, வள்ளத்து எஞ்சினை வைக்க, மீன் கழுவ இடம் எங்கே என்று பிளான் போட்டவர் கேட்டிருந்தால் அந்த ஷெட் அவர் வரைபடத்திலேயே இருந்திருக்கும். கெடுத்துவிட்டோம் என்று யாரும் தலைகுனிய வேண்டாம்.

திருவட்டாறு: லாரி பேக்கர் பாணியில் பூச்சு இல்லாத செங்கல் வீடு ஆசை. பாசி பிடிக்கும், ஏழை வீடு மாதிரி இருக்கும் என்று வீட்டில் எதிர்ப்பு.

ஏழை வீடு என்ற பேச்சு பேக்கருக்கே இருந்தது. பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் அங்கேயே காலமானவர். சுற்றுவட்டம் ஐந்து மைலுக்குள் கிடைப்பதை வைத்து வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதை அவர் தன் வேலைக்கே அடிப்படையாக வைத்தார். செலவைக் குறைப்பது ஏழைக்கு மட்டும் உரிய கடமையா, பணக்காரர் வீணாக்கலாமா என்பதுதான் அவர் வாதம். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தையும் அதே செங்கலில்தான் கட்டினார். தூரம் அதிகமில்லை, வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பேக்கர் வீடுகளில் வரும் எலிப்பொறிக் கட்டு என்பது செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. செங்கல் சுமார் கால்பங்கு மிச்சம், பொந்தில் உள்ள காற்று வெயிலையும் தடுக்கும். பாசியைப் பற்றிச் சொல்வது உண்மைதான். நன்றாக வெந்த கல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கூரை விளிம்பை நன்றாக வெளியே இழுக்க வேண்டும். திருவட்டாறு பக்கம் வெட்டுக்கல் கிடைத்தால் அதையும் யோசியுங்கள், பேக்கரே இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். கான்கிரீட் சுவர்மேல் செங்கல் மாதிரி டைல் ஒட்டுவதை மட்டும் செய்ய வேண்டாம்.

தோவாளை, கொத்தனார்: செங்கல்லோடு பேசிய ஆர்க்கிடெக்ட் ஒருத்தர் உண்டாமே?

அண்ணே, லூயி கான். நீ என்னவாக ஆசைப்படுகிறாய் என்று செங்கல்லைக் கேட்டால் ஆர்ச் ஆக வேண்டும் என்று சொல்லும், ஆர்ச்சுக்குச் செலவு அதிகம், கான்கிரீட் லிண்டல் போடுகிறேன் என்றாலும் விடாமல் ஆர்ச்தான் வேண்டும் என்னும், இது அவர் மாணவர்களிடம் சொன்னது. அகமதாபாத் ஐஐஎம் அவர் கட்டியதுதான். அங்கே அகலமான தட்டை ஆர்ச் இருக்கும், ரெண்டு காலும் விலகாமல் இருக்கக் கீழே கான்கிரீட்டில் இழுத்துக் கட்டியிருப்பார். செங்கல்லையும் விடவில்லை, கான்கிரீட்டையும் விடவில்லை. நீங்கள் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் பிடிபடும்.

2020 டிசம்பரில் அங்கே உள்ள 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப்போவதாக அறிவித்தார்கள், ஒழுகுகிறது, பூகம்பத்தில் விரிசல் விட்டது என்று. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து சில நாளில் திரும்பப் பெற்றார்கள், வாதம் அதோடு ஓயவில்லை. அதே வளாகத்தில் நூலகத்தைப் பழுது பார்த்து யுனெஸ்கோ விருதே கிடைத்திருக்கிறது, அதனால் விடுதிகளைப் பழுது பார்க்க முடியாது என்ற பேச்சை நான் நம்பவில்லை.

தக்கலை: பத்மநாபபுரம் அரண்மனையில் மந்திரசாலையின் சாய்ந்த மரச் சட்ட ஜன்னல் மாதிரி என் மாடி அறைக்கு வேண்டும். இப்போது முடியுமா?

முடியும். அந்தச் சட்டங்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் உள்ளே உட்கார்ந்தவருக்குக் கீழே தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு உள்ளே இருப்பவர் தெரியாது. மழை சட்டத்தில் பட்டு வெளியே வழியும், காற்று வந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலே தாழ்வாக இறங்கும் கூரை இருப்பதால்தான் இது வேலை செய்கிறது, உங்கள் அறைக்குமேல் மூன்று அடியாவது இறக்கம் இருக்கட்டும். தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் நன்றாகக் காய்ந்த அயினி போதும். கொசு வலையை உள்பக்கம் தனிச் சட்டமாக, கழற்றிக் கழுவுகிற மாதிரி வையுங்கள். படம் வரைந்து கொடுப்பதைவிட ஆசாரியை அரண்மனைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், சாய்வை அவர் கண்ணாலேயே எடுத்துக்கொள்வார். திங்கட்கிழமை மூடியிருக்கும்.